டெஸ்க்டாப்பில் பாதி ஐகான் வெள்ளைத்தாள் ஆகிவிட்டது, உதவி தேவை

ஜெராக்ஸ்கடை: வணக்கம். கடை கம்ப்யூட்டர், விண்டோஸ் 10. நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து பாதி ஷார்ட்கட்டுக்கு ஐகான் இல்லை, மூலை மடிந்த வெள்ளைத்தாள் மாதிரி நிற்கிறது. (யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகிறது, என் தப்புதான்.) பிடிஎஃப் கோப்புக்கெல்லாம் பிரவுசர் படம். ஆண்டிவைரஸில் ஒன்றும் சிக்கவில்லை. என்ன செய்ய?

வேகம்007: பார்மட் போட்டுருங்க ப்ரோ.

திருப்புளி: ஐகான் போனதுக்குப் பார்மட்டா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. அண்ணா, டபுள் கிளிக் செய்தால் எல்லாம் பழையபடி திறக்குதா?

ஜெராக்ஸ்கடை: ஷார்ட்கட் எல்லாம் திறக்குது, போட்டோ ஆல்பம் ஒன்றைத் தவிர. பிடிஎஃப் முன்பு அடோபி ரீடரில் திறக்கும், இப்போ பிரவுசரில்.

திருப்புளி: அப்போ ஒரே கோளாறு இல்லை.

பிடிஎஃப் சுலபம். ஏதாவது ஒரு பிடிஎஃப் மேல் ரைட் கிளிக், ஓப்பன் வித், சூஸ் அனதர் ஆப். ரீடரைத் தேர்ந்து, கீழே 'ஆல்வேஸ்' என்று தொடங்கும் பெட்டியில் டிக் போடுங்க. டிக்கை மறந்தால் அந்த ஒரு தடவைதான்.

வெள்ளைத்தாள் வேறு. விண்டோஸ் ஐகான் படங்களைத் தனியாகச் சேமித்து வைக்கும். கரண்ட் போனதில் அது கெட்டிருக்கும். அழித்தால் தானே புதிதாக உருவாக்கிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்துவிட்டு சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், எக்ஸ்ப்ளோரர் என்று உள்ளே போங்க. மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை அந்த போல்டரிலேயே திறக்கும். இப்போ டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் மேல் ரைட் கிளிக் செய்து எண்ட் டாஸ்க். கீழே இருக்கும் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடாதீங்க, அது உடனே மறுபடி ஓடவிட்டுவிடும். ஓடும்போது கோப்பு அழியாது. டாஸ்க்பார் மறையும், பதறாதீங்க. கறுப்புத் திரையில் டெல், இடைவெளி, ஸ்லாஷ் ஏ, இடைவெளி, ஐகான்கேஷ், ஒட்டி ஸ்டார் குறி அடித்து என்டர். எல்லாம் ஆங்கில எழுத்தில். அடுத்து எக்ஸ்ப்ளோரர் என்று அடித்து என்டர்.

ஜெராக்ஸ்கடை: டாஸ்க்பார் போனதும் ஒரு நிமிஷம் கை நடுங்கிவிட்டது தம்பி. எல்லாம் வந்துவிட்டது! ஆல்பம் மட்டும் இன்னும் வெள்ளைதான்.

திருப்புளி: அதன் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ன டிரைவ் காட்டுது?

ஜெராக்ஸ்கடை: இ டிரைவ். அட, வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி மாட்டினேன், இப்போ அது எஃப்!

திருப்புளி: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த டிரைவ் எழுத்தைப் பழையபடி இ ஆக்கிவிடுங்க.

ஜெராக்ஸ்கடை: ஆச்சு. ஆல்பமும் திறக்குது. நன்றி தம்பி.

பழையபெட்டி: விண்டோஸ் 7-க்கும் இதேதானா?

திருப்புளி: அதில் ஐகான்கேஷ் ஒரே கோப்பு, லோக்கல் போல்டரிலேயே இருக்கும். அழிக்கும் கட்டளை இதேதான்.