சட்டப் படிப்புக்குப் பணம் புரட்டிய அனுபவம்: உங்கள் கதையையும் எழுதுங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டிலிருந்து இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "லா படிக்க எவ்வளவு ஆகும்?" என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

நான் 2017-ல் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுதி, வெளிமாநிலத்தில் ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவன். அப்பாவுக்குச் சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆலையில் வேலை. சீட் கிடைத்த சந்தோஷம் ஒரு நாள்தான், மறுநாளே கவுன்சிலிங் பணம் எப்போது கட்டப் போகிறோம் என்ற கவலை வந்துவிட்டது. அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. அப்புறம் லோனுக்கு அலைந்தோம். முதல் பேங்கில், "லாவுக்கெல்லாம் எஜுகேஷன் லோன் கிடையாது தம்பி, இன்ஜினியரிங், மெடிக்கல்னா பார்க்கலாம்" என்றார் மேனேஜர். இரண்டாவது இடத்தில், "உங்க ஊர் எங்க சர்வீஸ் ஏரியாவில் வராது". அப்பா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். கோயிலுக்குள் போவது போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு அந்த ஏசி அறைக்குள் போய், உட்காரச் சொல்லாததால் நின்றபடியே பேசினார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

கடைசியில் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தேன். அதில் ஒரே விண்ணப்பத்தை மூன்று பேங்குகளுக்கு அனுப்ப முடிந்தது. மூன்றாவது பேங்க் கூப்பிட்டது. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்க மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, அதில்தான் எனக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 1.5 லட்சமாக ஐந்து தவணை, வட்டி 10 சதவீதம். மிச்சத்துக்கு அப்பா சீட்டு எடுத்தார்.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. முதல் 1.5 லட்சத்துக்கு ஆறு ஆண்டு வட்டி 90,000, அடுத்ததற்கு 75,000, அப்படியே 60,000, 45,000, 30,000. கூட்டினால் 3 லட்சம். வாங்கியது 7.5, திருப்பிக் கட்டத் தொடங்கும்போது கணக்கில் நிற்பது 10.5. பதினைந்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் சுமார் 11,300 ரூபாய். முதல் ஆண்டு வட்டி மாதத்துக்கு 1,250-தான் வந்திருக்கும், அதையாவது அவ்வப்போது கட்டியிருக்கலாம். படிக்கும்போதே வட்டி கட்டினால் பல பேங்குகள் ஒரு சதவீதம் வரை குறைக்கும் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

செலவுக்கு நான் செய்தது ஒன்றுதான். அம்மா மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவார், கட்டத்துக்குள் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று. அதே போல ஒரு காலண்டரை ஹாஸ்டல் சுவரில் மாட்டி, அன்றைய கட்டத்தில் அன்றைய செலவு. டீ 20, ஜெராக்ஸ் 45. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஜெராக்ஸும் பிரிண்ட் அவுட்டும் சாப்பாட்டுக்கு அடுத்த இடத்தில் நின்றன. இன்டர்ன்ஷிப்புக்கு டெல்லி போன நண்பர்களுக்கு ஒரு மாத அறை வாடகையே பெரிய தொகை, கையில் வருவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. நான் இரண்டு முறை எங்கள் மாவட்ட நீதிமன்றத்திலேயே ஒரு வக்கீலிடம் போய், வீட்டில் சாப்பிட்டேன். வழக்கு எப்படி நடக்கிறது என்று அங்கேதான் கற்றேன்.

அந்த நீதிமன்றத்திலேயே வக்கீலாக வேண்டும் என்றுதான் ஆசை. 2022-ல் முடித்தேன், 2023-ல் தவணை தொடங்கியது. ஜூனியர் வக்கீலுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வரும்? பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்துவிட்டேன்.

* * *

அண்ணா, நான் மதுரையில் படிக்கிறேன், அரசு சட்டக் கல்லூரி. நீங்கள் சொல்லும் லட்சங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, இங்கே கட்டணம் மிகக் குறைவு. அதனால் செலவே இல்லை என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள், அதுதான் சிக்கல். பஸ், புத்தகம், மூட் கோர்ட்டுக்கு (வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) கோட், சாப்பாடு எல்லாம் இருக்கிறதே.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதை வீட்டில் கேட்டாலும் கொடுப்பதில்லை, புத்தகத்துக்கு மட்டும்தான் என்று வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு அடி பட்டது. சீனியர் அக்கா ஒருவரிடம் ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்), சிஆர்பிசி (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பழைய புத்தகங்களை மொத்தமாக வாங்கி வைத்தேன், பாதி விலைதானே என்று. 2024 ஜூலை 1 முதல் அந்த மூன்றுக்கும் பதிலாக பிஎன்எஸ், பிஎன்எஸ்எஸ், பிஎஸ்ஏ என்ற புதிய சட்டங்கள் வந்துவிட்டன, பிரிவு எண்கள்கூடப் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை. புதிதாக வாங்க வேண்டியதாகிவிட்டது. புதிதாகச் சேருபவர்கள் குற்றவியல் சட்டத்துக்குப் பழைய புத்தகம் வாங்காதீர்கள். ஒப்பந்தச் சட்டம், அரசியலமைப்பு போன்றவற்றுக்கு வாங்கலாம். வெறும் சட்டப் பிரிவுகள் மட்டும் போதுமென்றால் மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.

சாயங்காலம் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறேன், வழக்கு மனு அடிக்கும் இடம். பகல் வேலைக்குப் போகாதீர்கள், 70 சதவீத வருகைப்பதிவு கேட்பார்கள், குறைந்தால் சிக்கல். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஒரு செமஸ்டர் போனது.

* * *

நான் சட்டம் முடித்து வக்கீல் தொழிலுக்கு வந்த ஆள். பட்டம் வாங்கிய அன்று செலவு முடிந்தது என்று நினைத்தேன். பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்யும் என்ரோல்மென்ட்டுக்குப் பல ஆயிரம் கேட்டார்கள், நான் கட்டியது 2023-ல், கடன் வாங்கி. 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், வக்கீல்கள் சட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பொதுப் பிரிவுக்கு 750, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 125. இனி வருபவர்களிடம் அதற்கு மேல் கேட்டால் இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

சீனியரிடம் வேலை பழகும் ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எனக்கு முதல் ஆண்டு சீனியர் கொடுத்தது பஸ் காசும் மதியச் சாப்பாடும்தான். நல்ல மனிதர், வேலை நன்றாகச் சொல்லிக்கொடுத்தார், அதற்காகப் பசி தாங்குமா? முதல் ஓராண்டுக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் எடுத்து வைத்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வர வேண்டும்.

* * *

தம்பி, என் மகளுக்கு இந்த வருஷம் சீட் கிடைத்திருக்கிறது. நாளைக்குப் பேங்குக்குப் போகலாம் என்று இருக்கிறோம். என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

* * *

அக்கா, பதிவு எழுதியவன்தான் சொல்கிறேன், முதலில் கல்லூரியிடம் ஐந்து ஆண்டுக்கும் கட்டண விவரக் கடிதம் வாங்குங்கள். அதில் டியூஷன் மட்டும் போதாது. ஹாஸ்டல், மெஸ், புத்தகம், லேப்டாப் எல்லாம் எழுதியிருக்கட்டும், கடிதத்தில் இல்லாததற்குப் பேங்க் தராது. எங்களுக்கு டியூஷனுக்கு மட்டும் கடன் வந்ததற்குக் காரணம் அதுதான்.

வருமானச் சான்றிதழை இ-சேவையில் இன்றே போட்டுவிடுங்கள். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் படிக்கும் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் உண்டு, கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளைத் தரமதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 8 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி திட்டம், 10 லட்சம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை, ஆனால் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்குத்தான். இல்லை என்று மேனேஜர் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உட்கார்ந்து பேசுங்கள் அக்கா.

சனி, ஞாயிறு ஊரில்தான் இருக்கிறேன். கடன் அனுமதிக் கடிதம் (சாங்ஷன் லெட்டர்) வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், வட்டிக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.