நள்ளிரவு 12 மணியில் உடைந்த புரோகிராம் கோடு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

நேரத்தைக் காட்டும் ஃபங்ஷன்தானே என்று அவசரமாக எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது. ஷிஃப்ட் அட்டவணை காட்டும் ஒரு ஆப், 24 மணிக் கணக்கை 12 மணிக் கணக்காக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. மணி 12-ஐத் தாண்டினால் 12-ஐக் கழித்துவிட்டு பி.எம்., இல்லாவிட்டால் ஏ.எம். என்று எழுதினேன். காலை 9, மதியம் 3, இரவு 11 எல்லாம் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. ஆனால் நள்ளிரவு 00:15 என்பது 0:15 ஏ.எம். ஆனது, மதியம் 12:30 என்பது 12:30 ஏ.எம். ஆனது. 0:15-ஐப் பார்த்தவர்கள் உடனே தப்பு என்று சொல்லிவிட்டார்கள். 12:30 ஏ.எம். பார்ப்பதற்கு ஒழுங்காக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, மதிய ஷிஃப்டுக்கு வர வேண்டிய ஒருவர் நள்ளிரவில் வந்து நின்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இன்னமும் அது உறுத்துகிறது.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன, நான் அவற்றை ஒன்றாகக் குழப்பிவிட்டேன். மணி 12-க்குக் கீழே என்றால் ஏ.எம்., 12 முதல் பி.எம்., இது ஒன்று. காட்ட வேண்டிய எண் என்பது மணியை 12-ஆல் வகுத்த மீதி, மீதி 0 வந்தால் மட்டும் 12, இது வேறு.

அதைச் சரிசெய்த பிறகும் நள்ளிரவில் தொடங்கும் ஷிஃப்டுகள் மட்டும் ‘நேரம் தரப்படவில்லை’ என்றே வந்தன. நான் எழுதிய மொழி பைத்தான், அதன் 3.5-க்கு முந்தைய பதிப்புகளில் 00:00 என்ற டைம் ஆப்ஜெக்டை வெறும் இஃப் போட்டுச் சோதித்தால் ஃபால்ஸ், அதாவது ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும்! மதிப்பு இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், பூஜ்யமா என்று கேட்டுவிட்டேன்.

—

எனக்கு ஜாவாஸ்கிரிப்டில் நடந்தது. 12 மணிக் கணக்கு வேண்டாம் என்று ஹவர்12 என்ற அமைப்புக்கு ஃபால்ஸ் கொடுத்திருந்தேன், சில பிரவுசர்களில் நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம் என்பது 24:05 என்று வந்தது. அந்த எழுத்தை வைத்தே வரிசைப்படுத்தியதால் நாளின் முதல் பதிவு கடைசிக்குப் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஹவர்சைக்கிள் என்ற அமைப்பில் எச்23 (மணி 0 முதல் 23 வரை) என்று கொடுத்ததும் 00:05 வந்தது. தேதியையும் நேரத்தையும் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-இல் 24:00 என்றால் அந்த நாளின் முடிவு, அதாவது மறுநாள் 00:00. 2019 பதிப்பில் அதை எடுத்துவிட்டு 2022 திருத்தத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் 24:05 என்று எழுத எப்போதுமே இடமில்லை.

—

எனக்கு மாத அறிக்கையில் வந்தது. கடைசி நாளின் முடிவாக 23:59:59.999 கொடுத்திருந்தேன், எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸின் பழைய டேட்டைம் வகை அதை மறுநாள் 00:00-க்கு உருட்டிவிடும், அதனால் 1-ஆம் தேதி நள்ளிரவுப் பதிவுகள் இரண்டு மாதத்திலும் எண்ணப்பட்டன. இப்போது தொடக்கத்துக்குச் சமம் அல்லது அதிகம், அடுத்த மாதத் தொடக்கத்துக்குக் குறைவு என்றுதான் எழுதுகிறேன்.

அப்புறம் இன்னொன்று, நள்ளிரவே இல்லாத நாள்களும் உண்டு. 2018 நவம்பர் 4 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் கோடைக்கால நேரம் தொடங்கியபோது 00:00 ஆக வேண்டிய கடிகாரம் நேராக 01:00-க்குப் போனது. பிரேசில் 2019-இல் அந்த முறையைக் கைவிட்டாலும் பழைய தேதிகள் டேட்டாபேஸில் அப்படியேதான் கிடக்கின்றன. ஜாவாவில் நாளின் தொடக்க நேரத்தைத் தரும் அட்ஸ்டார்ட்ஆஃப்டே-க்கு டைம்ஸோனையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த நாளுக்கு 01:00 என்று சரியாகத் தருகிறது, நானாக 00:00 ஒட்டுவதை அதோடு விட்டுவிட்டேன்.