மாக்கரல் கப்பலை வெட்டும்போதெல்லாம் சாகிறேன், யாராவது வழி சொல்லுங்கள்

சயான் இரவுக்காரன்:

வணக்கம். ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர் விளையாடுகிறவர்கள் மும்பைத் தமிழர்களில் யாராவது இருக்கிறீர்களா? கைவிடப்பட்ட விண்கப்பல்களை லேசர் கட்டரால் துண்டுபோட்டுக் காசு பார்க்கும் விளையாட்டு. 2022 மே மாதம் முழுமையாக வெளிவந்தது. நான் போன மாதம்தான் தள்ளுபடியில் வாங்கினேன். தொடக்கத்திலேயே நம் தலையில் 120 கோடிக்கும் மேல் கடனை ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக் கடனே இன்னும் பதினான்கு வருடம் பாக்கி இருக்கிறவனுக்கு இது ஒரு பொழுதுபோக்கா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

சிக்கல் இது. மாக்கரல் வகைக் கப்பல். ஏர்லாக் (காற்று வெளியேறாத இரட்டைக் கதவு அறை) வழியாக நடு அறைக்குள் போகிறேன். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரை அழுத்தி அறைக் காற்றை வெளியேற்றுகிறேன். சத்தமெல்லாம் அடங்கி, என் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு முன்பக்கத்துக்குப் போய், பாகங்களைப் பிணைத்திருக்கும், ஸ்கேனரில் மஞ்சளாகத் தெரியும் வெட்டுப்புள்ளிகளை ஒவ்வொன்றாக உருக்குகிறேன். மூன்றாவதோ நான்காவதோ உருகும்போது டமார். விமானியின் நாற்காலி நேராக என் முகத்துக்கு வருகிறது. ஹெல்மெட் கண்ணாடியில் விரிசல் விழுகிறது, அவ்வளவுதான். இதுவரை ஆறு முறை. ஒவ்வொரு சாவுக்கும் புது உடம்பு கொடுத்து, அதற்கும் கணக்கில் பற்று எழுதிவிடுகிறார்கள்.

காற்றை வெளியேற்றிய பிறகும் ஏன் வெடிக்கிறது? விளையாட்டிலேயே கோளாறா? இரவு பதினொன்றுக்கு மேல்தான் உட்கார முடியும், ஒரே அறை வீடு, குழந்தை தூங்குகிறது. ஹெட்போன் போட்டிருக்கிறேன், ஆனால் ஆறாவது முறை நானே கத்திவிட்டேன்.

வாஷி வாண்டு:

கோளாறு இல்லை அண்ணா. புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சாகிறார்கள். ஒரு ஷிப்டுக்குப் பதினைந்து நிமிடம் என்கிற கெடு அவசரப்படுத்துகிறது. ஓப்பன் ஷிப்ட் முறைக்கு மாற்றுங்கள், கெடு இருக்காது.

சயான் இரவுக்காரன்:

மாற்றிப் பார்த்தேன் தம்பி. இப்போது நிதானமாகச் சாகிறேன்.

முலுண்ட் வாசி:

இதற்கு நோ மேன்ஸ் ஸ்கை என்கிற விண்வெளி விளையாட்டு எவ்வளவோ மேல். 2020 ஜூலையில் வந்த அப்டேட்டில் கைவிடப்பட்ட சரக்குக் கப்பல்களுக்குள் நடந்து போய்ப் பொருள் எடுக்கலாம். எதையும் வெட்ட வேண்டியதில்லை.

வாஷி வாண்டு:

அவர் வெட்டுவதற்கு வழி கேட்கிறார், நீங்கள் வேறு கடையைக் காட்டுகிறீர்கள்.

ஆண்டாப் ஹில் பேரன்:

முதல் பதிவைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்கு இந்த விளையாட்டு தெரியாது, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"தம்பி, நான் தாருகானாவில் இருபத்தாறு வருடம் கேஸ் கட்டராக இருந்தவன். ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கடல் பக்கம் நடந்தால் வரும் கப்பல் உடைக்கும் இடம். நீ நின்ற அறையைப் பற்றிச் சொன்னாய், சரி. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

"எண்ணெய்த் தொட்டியைக் கழுவி, காற்று விட்டு, கேஸ் ஃப்ரீ, அதாவது தீப்பிடிக்கும் வாயு இல்லை என்று சான்றிதழ் வாங்கிய பிறகுதான் தீ வைக்க வேண்டும். அது சட்டம். ஆனால் சான்றிதழ் அந்தத் தொட்டிக்குத்தான், பக்கத்துத் தொட்டிக்கு இல்லை. ஒருநாள் சுத்தமான தொட்டிக்குள் நின்று தடுப்புத் தகட்டை வெட்டினேன். அந்தப் பக்கம் அடியில் கால் சாண் உயரத்துக்குக் கசடு. தகடு சூடானால் கசடு சும்மா இருக்குமா? ஆவி விடும். என் பக்கத்துப் பெயின்ட் கொப்பளித்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்தவுடன் டார்ச்சை அணைத்திருக்க வேண்டும். என் இடது புருவம் இன்றும் பாதிதான் இருக்கிறது.

"அதற்குப் பிறகு எந்தத் தகட்டில் கை வைத்தாலும், முதலில் சுற்றிப் போய் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு வருவேன். மேஸ்திரி திட்டுவார். திட்டினால் திட்டட்டும்."

தாத்தா இத்தோடு நிறுத்தவில்லை. 2014 கடைசியில் பழைய விக்ராந்த் போர்க்கப்பலை தாருகானாவில் உடைக்கத் தொடங்கியபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாராம். அந்த இரும்பையும் சேர்த்துச் செய்த பஜாஜ் வி15 பைக்கை 2016இல் எங்கள் மாடிக்காரர் வாங்கினார். தாத்தா ஏறி இறங்கும்போதெல்லாம் பெட்ரோல் டாங்கியை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். கேள்விக்குத் தொடர்பில்லை, இருந்தாலும் எழுதச் சொன்னார்.

செம்பூர் டீச்சர்:

ஐயா சொன்னதுதான் விடை. விளையாட்டுக்கு ஏற்றபடி நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நடு அறையில் காற்றை எடுத்தீர்கள். விமானி அறைக் கதவு மூடியிருந்ததா? மூடியிருந்தால் அங்கே காற்று அப்படியேதான் இருந்திருக்கும். கடல்மட்டக் காற்றழுத்தம் என்பது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் எடை அமுக்குவதற்குச் சமம். இரண்டு சதுர மீட்டர் கதவு என்றால் 20 டன். பூமியில் இருபுறமும் காற்று இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. உங்கள் கப்பலில் ஒருபுறம் காற்று, மறுபுறம் ஒன்றுமே இல்லை. அந்தப் பலத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவை வெட்டுப்புள்ளிகள். நீங்கள் அவற்றைத்தான் ஒவ்வொன்றாக உருக்கிக்கொண்டிருந்தீர்கள். நாற்காலி உங்கள் மேல் கோபத்தில் வரவில்லை, காற்றோடு வந்தது.

ஆகவே, உள்ளே போனதும் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். முதலில் உள்கதவுகளை எல்லாம் திறந்துவிடுங்கள், கப்பல் முழுவதும் ஒரே அறையாகிவிடும். அதற்குப் பிறகு ரெகுலேட்டர். வரிசை மாறினால், அதாவது ஒரு அறையை வெற்றிடமாக்கிவிட்டுப் பிறகு கதவைத் திறந்தால், அந்தக் கதவே உங்களைக் கொல்லும்.

நிஜத்திலும் இப்படித்தான் செய்தார்கள். 1985இல் சோவியத் நாட்டின் சல்யூட் 7 விண்வெளி நிலையம் மின்சாரம் போய், உறைந்து, ஊமையாகக் கிடந்தது. ஜூன் மாதம் ஜானிபெகோவ், சவினிக் என்ற இரு விண்வெளி வீரர்கள் தங்கள் விண்கலத்தைக் கையாலேயே ஓட்டிப் போய் அதோடு இணைத்தார்கள். இணைந்தவுடன் கதவைத் திறந்துவிடவில்லை. சிறு வால்வைத் திறந்து, அழுத்தம் சமமாகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் உள்ளே போனார்கள். பத்தாம் வகுப்பில் அழுத்தம் நடத்தும்போது இந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்ச் கூடக் கவனிக்கும்.

சயான் இரவுக்காரன்:

டீச்சர், ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்றிரவு பார்த்தேன். விமானி அறைக் கதவு மூடித்தான் இருந்தது. ஆறு முறையும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், ஒருமுறை கூடக் கையை வைத்துப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து, பிறகு ரெகுலேட்டரை அழுத்தி, கடைசி வெட்டுப்புள்ளியை உருக்கினேன். கண்களை மூடிக்கொண்டுதான் உருக்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூக்குப் பகுதி சத்தமே இல்லாமல் ஒரு சாண் விலகி, அப்படியே மிதந்து நின்றது. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் பின்பக்கம் போய், கப்பலுக்கு மின்சாரம் தரும் ரியாக்டரைப் பிடுங்கினேன். வெளியே கொண்டுவருவதற்குள் அது உருகி வெடித்துவிட்டது. ஏழாவது சாவு.

வாஷி வாண்டு:

இது எனக்குத் தெரியும் அண்ணா! ரியாக்டர் அதன் கூட்டுக்குள் இருக்கும்வரை சாது. பிடுங்கிய நொடியில் கெடு ஓடத் தொடங்கிவிடும். அதனால் அதை முதலில் தொடாதீர்கள். பின்சுவரை வெட்டி எடுத்து, கீழே பச்சையாகத் தெரியும் பார்ஜ் (மீட்ட பொருள்களைச் சேர்க்கும் மேடை) வரைக்கும் வழியைக் காலி செய்யுங்கள். நடுவில் ஒரு பெட்டி மிதந்தாலும் போய் மோதும், நான் அப்படி இரண்டு முறை செத்திருக்கிறேன். வழி தெரிந்த பிறகு கிராப்பிளால் (பொருளைப் பிடித்து இழுக்கும் கருவி) இழுத்து, டெதர் என்கிற இழுவைக் கயிறு ஒன்றையோ இரண்டையோ போட்டுப் பார்ஜோடு கட்டிவிடுங்கள், அதுவே சுருங்கி இழுத்துக்கொண்டு போய்விடும். டெதரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

த்ரஸ்டர்களை (கப்பலைத் தள்ளும் எஞ்சின்கள்) கழற்றும் முன் எரிபொருள் வால்வைத் திருப்பிக் குழாயைக் காலி செய்தீர்களா? இல்லையென்றால் அங்கேயும் தீ காத்திருக்கிறது.

சயான் இரவுக்காரன்:

இல்லை. நல்லவேளை, அதற்குள் செத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். நல்ல தகடு ஒன்றை உலையில் போட்டேன், காசு வரவில்லை, அபராதம் போல ஏதோ காட்டியது.

செம்பூர் டீச்சர்:

ஸ்கேனரில் தகட்டைப் பாருங்கள். ஆரஞ்சு உலைக்கு, நீலம் பிராசசர் என்கிற மறுசுழற்சி இயந்திரத்துக்கு, பச்சை பார்ஜுக்கு. அலுமினியச் சட்டங்கள் உலைக்குப் போகும், வெளித்தோலாக இருக்கும் நானோகார்பன் தகடுகள் பிராசசருக்குப் போகும். இடம் மாற்றிப் போட்டால் பொருள் நாசமாகும், காசும் வராது.

ஆண்டாப் ஹில் பேரன்:

தாத்தா கேட்கிறார்: "அப்படியானால் இந்தப் பையன் இரும்பை ரகம் பிரிக்காமலா கப்பலில் ஏறினான்?"

சயான் இரவுக்காரன்:

ஐயாவிடம் ஆமாம் என்று சொல்லிவிடு தம்பி. மேஸ்திரியாக அவர் இருந்திருந்தால் முதல் நாளே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

சனிக்கிழமை இரவு நிலவரம்: வால்வைத் திருப்பினேன், வழியைக் காலி செய்தேன், ரியாக்டருக்கு மூன்று டெதர் போட்டேன். அது பார்ஜில் போய் அமர்ந்தபோது மணி ஒன்றரை. கடன் 120 கோடியிலிருந்து 120 கோடியாகக் குறைந்திருக்கிறது, கடைசி இலக்கங்களை உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வாடகையும் வட்டியும் போக மிச்சம் அவ்வளவுதான்.

அடுத்தது கெக்கோ வகை. அதில் அறைகள் அதிகம் என்கிறார்கள். எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.