ஆன்சன் கவுன்டியில் 14 ஏக்கர் வாங்கியிருக்கிறோம்: ஈக்விப் உதவிக்கு முன்பே ஹை டனல் ஆர்டர் செய்யலாமா?

கேள்வி: வரப்புமேடு

வணக்கம். நாங்கள் வட கரோலினாவில் சார்லட்டில் இருக்கிறோம். ஐந்து வாரத்துக்கு முன்பு ஆன்சன் கவுன்டியில், வேட்ஸ்பரோவுக்கு வடக்கே 14 ஏக்கர் பத்திரம் முடித்தோம். அதில் பத்து ஏக்கருக்கு மேல் ஹே புல் (உலர்த்தி மாட்டுத் தீவனமாக்கும் புல்). பழைய உரிமையாளர் காலத்திலிருந்தே பக்கத்து நிலத்துக்காரர்தான் அறுத்துக்கொண்டு போகிறார். மீதி இடம் சரிவு. நடுவில் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளம், என் முழங்கால் ஆழம் இருக்கும்.

ஒரு ஹை டனல் (பிளாஸ்டிக் போர்த்திய உயரமான பயிர்க் கூடாரம்) போட்டு வெண்டை, பாகல், கொத்தவரை வைத்து, சார்லட் தமிழ்க் குடும்பங்களுக்கு விற்கலாம் என்று ஆசை. மண், நீர்ப் பாதுகாப்பு வேலைக்கு விவசாயிகளுக்குப் பணம் தரும் ஈக்விப் என்ற மத்திய அரசுத் திட்டம் பற்றிக் கோயிலில் பார்த்த ஒருவர், "அரசாங்கம் 90 சதவீதம் கொடுக்கிறது, முதலில் வாங்கிப் போடுங்கள், பில்லைக் காட்டினால் பணம் வரும்" என்றார். டனல் விற்பவர்கள் தள்ளுபடி மாதக் கடைசி வரைதான் என்கிறார்கள். ஆர்டர் கொடுத்துவிடலாமா?

பதில்: ஸ்டான்லி செம்மண்

வேண்டாம் சகோதரி. தள்ளுபடி போனால் போகட்டும்.

நான் பக்கத்து ஸ்டான்லி கவுன்டியில் ஒன்பது வருடமாக 22 ஏக்கர் பார்க்கிறேன். ஈக்விப்பில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது. எனக்கு இது தெரியும், ஆனால் விண்ணப்பம் கொடுத்தாயிற்றே, மார்ச் போனால் ஒரு பருவம் போய்விடுமே என்று தூண்களை நட்டுவிட்டேன். பார்க்க வந்த அதிகாரி தூண்களைப் பார்த்தார், கோப்பை மூடினார். முழுக்க என் கைக்காசில்தான் அந்த டனல் நிற்கிறது. அந்த வருடம் வீட்டில் எவ்வளவு நெருக்கடி என்று சொல்லி முடியாது. உங்களுக்கு அது வரக்கூடாது.

முதலில் உங்கள் கவுன்டிக்கான வேளாண் சேவை மையத்துக்குப் போன் செய்து நேரம் வாங்குங்கள். அங்கே பண்ணைப் பதிவைப் பார்க்கும் எஃப்எஸ்ஏ பிரிவில் பத்திரத்தைக் காட்டி ஃபார்ம் நம்பர் வாங்க வேண்டும். ஊரில் சிட்டா அடங்கல் இல்லாமல் எந்த ஆபீசிலும் நகராதே, அது போலத்தான். பழைய உரிமையாளர் பெயரில் நம்பர் ஏற்கெனவே இருக்கலாம், அப்படியானால் உங்கள் பெயருக்கு மாற்றுவார்கள். ஏடி-1026 என்று ஒரு படிவம் தருவார்கள். எளிதில் அரிக்கும் நிலத்தையும் சதுப்பையும் கெடுக்க மாட்டேன் என்ற உறுதிமொழி அது. நிதானமாகப் படித்துக் கையெழுத்திடுங்கள்.

அப்புறம் என்ஆர்சிஎஸ், அதாவது ஈக்விப்பை நடத்தும் மண் பாதுகாப்புத் துறை. அங்கே போய் "எனக்கு டனல் வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள், பள்ளத்தைப் பற்றிப் பேசுங்கள். அவர்கள் நிலத்தை நடந்து பார்த்து, மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன குறை என்று திட்டம் எழுதுவார்கள். விண்ணப்பங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திப் பணம் ஒதுக்குகிறார்கள். குறை தெளிவாக இருக்கும் நிலத்துக்கு மதிப்பு அதிகம். இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லலாம்.

90 சதவீதம் என்பதும் நீங்கள் கேட்டபடி இல்லை. பத்து வருடத்துக்குள் விவசாயத்துக்கு வந்தவர்களுக்கு மதிப்பிட்ட செலவில் 90 வரை போகும், மற்றவர்களுக்கு 75. ஆனால் உங்கள் பில்லை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று மாநிலத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வேலை முடிந்து அவர்கள் சரிபார்த்த பிறகுதான் பணம். கையில் முதல் இல்லையென்றால் புதிய விவசாயிகள் பாதியை முன்பணமாகக் கேட்கலாம், 90 நாளுக்குள் செலவழித்துவிட வேண்டும்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் வாங்கியிருக்கும் கவுன்டி சாதாரண இடமில்லை. 1935-ல் அமெரிக்க அரசு மண் பாதுகாப்புத் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரான ஹ்யூ ஹாமண்ட் பென்னட் ஆன்சனில் பிறந்தவர். பருத்தி போட்டுப் போட்டு மேல்மண் கழுவிப்போன நிலத்தைப் பார்த்து வளர்ந்தவர். இந்த நாட்டின் முதல் மண் பாதுகாப்பு மாவட்டமும் (மண்ணைக் காக்கும் உள்ளூர் அமைப்பு) 1937-ல் அங்கேதான், பிரவுன் கிரீக் ஓடை பெயரில் அமைந்தது. அந்தத் துறைக்குத்தான் 1994-ல் என்ஆர்சிஎஸ் என்று பெயர் மாறியது. உங்கள் முழங்கால் பள்ளத்தைப் போன்றவற்றுக்காகவே உண்டான ஆபீஸ் அது. தயங்காமல் போங்கள்.

பதில்: கணக்குப்பிள்ளை

அண்ணன் சொன்னது சரி. ஆனால் இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அந்த நிலம் இதுவரை பிரசன்ட் யூஸ் வேல்யூ (சந்தை விலைக்கு இல்லாமல் விவசாய நிலமாக மதிப்பிட்டு வரி போடும்) வரிச்சலுகையில் இருந்ததா? இருந்தால், அதைத் தொடரக் கைமாறிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கவுன்டி வரி அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். ஐந்து வாரம் போய்விட்டது, இன்னும் 25 நாள்தான். விட்டுவிட்டால் அந்த வருட வரியோடு முந்தைய மூன்று வருடத்துக்கு விட்டுக்கொடுத்த வரியையும் வட்டியோடு கட்ட வேண்டிவரலாம்.

ஹே அறுப்பதை நிறுத்தாதீர்கள். பயிர் நிலம் என்ற வகையில் குறைந்தது பத்து ஏக்கர் வேண்டும், மூன்று வருடச் சராசரியில் வருடம் 1,000 டாலர் மொத்த வருமானமும் காட்ட வேண்டும். காய்கறித் தோட்டம் என்றால் ஐந்து ஏக்கர் போதும், ஆனால் ஒரு டனல் ஐந்து ஏக்கர் ஆகாது. பக்கத்துக்காரர் அறுப்பதற்கு வாடகை ஏதாவது தருகிறாரா, எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈக்விப் பணத்துக்கு 1099-ஜி என்ற வரிப் படிவம் வரும். அதையும் வருமான வரியில் காட்ட வேண்டும்.

வரப்புமேடு

60 நாள் விஷயம் யாருமே சொல்லவில்லை. பத்திரம் முடித்த வக்கீலும் சொல்லவில்லை. பழைய வரி ரசீதைத் தேடி எடுத்தேன், சலுகையில்தான் இருந்திருக்கிறது. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு முதலில் வரி அலுவலகம், அப்புறம் சேவை மையம். டனல் ஆர்டர் கொடுக்கவில்லை. ரொம்ப நன்றி இருவருக்கும்.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. பள்ளத்தையாவது இப்போதே பேக்ஹோ (மண் தோண்டும் எந்திரம்) வைத்து மூடலாமா? ஒவ்வொரு மழைக்கும் அகலமாகிக்கொண்டே போகிறது.

ஸ்டான்லி செம்மண்

அதுவும் வேண்டாம். வெறும் செம்மண்ணைத் தள்ளி மூடினால் அடுத்த மழையில் அதுவும் சேர்ந்து ஓடைக்குப் போகும். சரிவை அளந்து, புல் வளர்த்த வாய்க்காலாக அமைப்பதுதான் வழக்கமான தீர்வு. அதை அவர்களே வரைந்து தருவார்கள். திங்கட்கிழமை அங்கே போகும்போதே மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்ட ஆட்களையும் கேளுங்கள். செலவில் ஒரு பங்கைத் தரும் மாநிலத்தின் காஸ்ட் ஷேர் திட்டத்தில் இப்படிப்பட்ட வாய்க்காலுக்கு 75 சதவீதம் வரை கிடைக்கும். அங்கேயும் ஒப்புதலுக்கு முன் மண்வெட்டி படக்கூடாது.

அதுவரை மழை பெய்த மறுநாள் பள்ளத்தில் ஒரு அடிக்கோலை நட்டு, ஆழம் தெரியும்படி தேதியோடு படம் எடுத்து வையுங்கள். என் நிலத்தைப் பார்க்க வந்தவர் முதலில் கேட்டது அப்படி ஒரு படத்தைத்தான், என்னிடம் இல்லை.