மாடித் தோட்டம் எவ்வளவு மழையைப் பிடிக்கும்?

கேள்வி: தாம்பரம் வீட்டு மாடியில் 400 சதுர அடிக்கு, 10 செ.மீ. உயரம் தென்னைநார்க் கழிவு கலந்த மண் பரப்பப் போகிறேன். "ஐப்பசி மழையை அப்படியே குடிச்சிடும் சார்" என்கிறார் கொத்தனார். நம்பலாமா?

பதில் 1: வேண்டாம். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். உங்களுடையது 37 சதுர மீட்டர். மண்ணின் கொள்ளளவில் கால்வாசி நீர் நின்றால் 25 மி.மீ., சுமார் 925 லிட்டர். 100 மி.மீ. கொட்டினால் மிச்சமெல்லாம் குழாயில்தான்.

பதில் 2: அதுவும் மண் காய்ந்திருந்தால்தான். அடைமழையில் மறுநாள் இடமே இருக்காது. கால்வாசி என்பதும் உத்தேசமே. ஓட்டை போட்ட வாளியில் உங்கள் காய்ந்த மண்ணை நிரப்பி எடை பாருங்கள். நீரூற்றி, வடிந்ததும் மறுபடி பாருங்கள். கூடிய கிலோவே அந்த வாளி மண் பிடித்த நீரின் லிட்டர்.

கேட்டவர்: சரி, தளம் தாங்குமா?

பதில் 2: நனைந்த மண் சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள், கொத்தனாரிடம் அப்புறம் பேசலாம்.