மறு: 'குறுக்க வினை' – மாற்றுச் சொல் வேண்டுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். இரு மூலக்கூறுகள் ஒரு சிறு மூலக்கூறை வெளியேற்றி இணையும் கான்டன்சேஷன் (condensation) வினைக்குப் பாடநூல் தரும் பெயர்தான் 'குறுக்க வினை'.

> குறுக்க வினை பாடநூலில் ஊறிப்போன சொல். அதையே வைத்துக்கொள்வோமே.

ஊறியது உண்மைதான் ஐயா. ஆனால் உயிர்மூலக்கூறு பாடத்தில் இதைக் கேட்கும் பிள்ளை, ஏதோ குறுகுகிறது என்றல்லவா நினைக்கும்? இங்கே சங்கிலி நீளுகிறது. இரண்டு குளுக்கோஸ் சேர்ந்து மால்டோஸ் ஆனால் 180ம் 180ம் 360 ஆக வேண்டும். மூலக்கூறு எடையோ 342. காணாமல் போன 18, ஒரு நீர் மூலக்கூறு. அமினோ அமிலங்கள் புரதமாகக் கோக்கும்போதும் இணைப்புக்கு ஒரு நீர். கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தால் மூன்று நீர். சொல்லில் தெரிய வேண்டியது இந்த நீர்தான்.

> அப்படியானால் 'நீர்நீக்கப் பிணைப்பு' என்று வைக்கலாம்.

சேலத்துக்காரன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு வந்து பாருங்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, திப்பி என்ற நார்ச்சக்கையைச் சலித்து ஒதுக்கி, மாவுப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, ஈர மாவைக் குருணையாக உருட்டி வறுத்து, களத்தில் காயப்போடுவார்கள். நீர்நீக்கம் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் களம்தான் நினைவுக்கு வரும். களத்தில் போவது ஈரம். அந்த ஈரம் போவதால் மாவுச்சத்தின் சங்கிலியில் ஒரு கண்ணியும் கூடுவதில்லை. அந்தச் சங்கிலி கிழங்கு மண்ணுக்குள் இருந்தபோதே கோத்தாகிவிட்டது. ஒரு மூலக்கூறு ஹைட்ரஜனையும் மற்றது ஹைட்ராக்சிலையும் இழந்து இணைவது வேறு கதை.

என் பரிந்துரை: நீர்விடு இணைவு. வினைத்தொகை, உச்சரிக்கவும் எளிது.

இதற்கு நேர்மாறாக, நீர் சேர்ந்து சங்கிலி பிரியும் வினைக்கு 'நீராற்பகுப்பு' (hydrolysis) இருக்கிறதே என்பீர்கள். அந்த 'ஆல்' உருபுதான் எனக்கு உறுத்துகிறது. கத்தியால் வெண்டைக்காய் நறுக்கினால் கத்தி காய்க்குள் போய்விடாது. இந்த வினையிலோ நீரே உடைந்து இரு துண்டுகளிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே நீர்கொள் பிரிவு. எங்கள் ஊர் உதாரணமே போதும்: கிழங்கை அரைக்கும்போது செல்கள் உடைந்து, குளுக்கோஸோடு சயனைடையும் சுமக்கும் லினமரின் என்ற சேர்மமும் அதைப் பிரிக்கும் லினமரேஸ் நொதியும் சந்திக்கின்றன. நீர் கொண்டு குளுக்கோஸ் தனியே பிரிகிறது. மிஞ்சும் அசிட்டோன் சயனோஹைட்ரின் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளியாகிறது. மரவள்ளித் தழையை அளவுக்கு மீறி மேய்ந்த ஆடு சாவதும் இதனால்தான்.

---

மறு:

> நீர்விடு இணைவு

சொல் பிடித்திருக்கிறது, ஆனால் உயிர்வேதியியல் நடத்துகிறவள் என்பதால் கேட்கிறேன். தாவரத்தில் குளுக்கோஸ் வெறுங்கையோடு வந்து சங்கிலியில் சேர்வதில்லை. அடினோசின் டைபாஸ்பேட்டை (ADP) சுமந்து வருகிறது. இணையும்போது கழல்வது அதுதான், நீர் அல்ல. சொல் பொய்யாகிவிடாதா?

---

மறு:

நல்ல கேள்வி அம்மா. அந்தப் படியை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் கழன்ற டைபாஸ்பேட் அப்படியே கிடப்பதில்லையே. பாஸ்பேட்டோடு சேர்ந்து மறுபடி அடினோசின் டிரைபாஸ்பேட் (ATP) ஆகும்போது ஒரு நீர் வெளியே வருகிறது. ஒரு குளுக்கோஸை இணைப்புக்கு ஆயத்தப்படுத்த இரண்டு ATP செலவாவதால், அவை மீளும்போது மொத்தம் இரண்டு நீர். இடையில் கழலும் பைரோபாஸ்பேட் (இரட்டைப் பாஸ்பேட்) உடைய ஒரு நீர் செலவாகிறது. வரவு செலவு பார்த்தால், ஒரு இணைப்புக்கு ஒரு நீர்தான் மிச்சம். நிகரக் கணக்கைச் சொல்லும் பெயர் என்று ஆசிரியர் குறிப்பில் ஒரு வரி போட்டுவிடலாம்.

ஒரு எல்லையும் வேண்டும். நைலான் செய்யும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும் முறையும் உண்டு. அதுவும் கான்டன்சேஷன்தான், அதை நீர்விடு இணைவு என்று சொல்ல முடியாது. அதனால் பொதுச் சொல்லாகக் குறுக்க வினையே இருக்கட்டும், உயிர்மூலக்கூறு பாடத்துக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்வோம். நீராவி நீராவதையும் ஆங்கிலத்தில் கான்டன்சேஷன் என்பார்கள்; அதற்கு 'ஆவி சுருங்குதல்' ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.