கூடத்துச் சுவரில் ஆர்கிட்: மேல் வரிசையில் வேர் கருகுது, கீழ் வரிசையில் குருத்து அழுகுது

கேள்வி (கும்பகோணம்)

வணக்கம் நண்பர்களே. எங்க வீடு முற்றம் வச்ச பழைய ஓட்டு வீடு. முற்றத்தைப் பார்த்திருக்கிற கூடத்துச் சுவரில் ஆறடி அகலம், நாலடி உயரத்துக்கு ஒரு ஆர்கிட் சுவர் அமைச்சிருக்கேன். அம்மாவோட ரொம்ப நாள் ஆசை.

சுவரில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு அலுமினியச் சட்டம், அதுமேல 10 எம்எம் பிவிசி ஷீட், அதுமேல ரெண்டு அடுக்கு ஃபெல்ட் துணி. துணியைக் கீறி, பைகளாக்கி, உள்ளே செடியை வச்சிருக்கேன். மேலே துளை போட்ட குழாய். கீழே வடியுற தண்ணியைப் பிடிக்கப் பாதியாக வெட்டின பிவிசி பைப், அங்கிருந்து ஒரு பெரிய வாளி. ஏர்கூலர் மோட்டார் அதே தண்ணியைத் திரும்ப மேலே ஏத்துது. பகல் முழுக்க ஓடும். போர் தண்ணிதான்.

ஆர்கிட் வகையில பெரும்பாலும் ஃபெலனாப்சிஸ், கொஞ்சம் டென்ட்ரோபியம். இப்போ மேல் வரிசையில் வேர்நுனி கருத்துப்போச்சு, துணி ஓரத்தில் வெள்ளையா உப்பு பூத்திருக்கு. கீழ் வரிசையில் நடுக்குருத்தைத் தொட்டாலே கையோட வருது, நாத்தம் வேற. பூஞ்சாணக்கொல்லி அடிச்சேன், கேக்கலை. ஒரே சுவர்ல ரெண்டு விதமா ஏன் ஆகுது?

பதில் (மயிலாடுதுறை)

தம்பி, முதல்ல மோட்டாரை நிறுத்துங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

நீங்க கட்டியிருக்கிறது பிரான்ஸ் நாட்டுத் தாவரவியலாளர் பாட்ரிக் பிளாங்க் 1988ல் காப்புரிமை வாங்கின முறை. பிவிசி பலகை, ஃபெல்ட், மேலேருந்து வழியுற தண்ணி. பெரணி, மணி பிளான்ட், பிலோடென்ட்ரான் எல்லாம் அதுல அருமையா வரும். ஆனா நம்ம வீட்டுல வளர்க்கிற ஆர்கிட்ல பெரும்பாலானது மரத்துமேல ஒட்டி வாழ்ற சாதி. வேரைச் சுத்தி வெலமன்னு ஒரு உறை இருக்கும், செத்துப்போன செல்களால ஆனது. மழை பெஞ்சா பஞ்சு மாதிரி சில நிமிஷத்துல உறிஞ்சிக்கும். அப்புறம் அதுக்குக் காத்து வேணும். நிறத்தைப் பார்த்தாலே தெரியும்: ஈரமா இருந்தா பச்சை, காஞ்சா வெள்ளி நிறம். வெள்ளி நிறம் வந்த பிறகுதான் அடுத்த தண்ணி. உங்க ஃபெல்ட்டுக்குள்ள அந்த நிறம் வர வாய்ப்பே இல்லை.

கீழ்த்துணியில எப்பவும் ஈரம் அதிகம், அதான் அழுகல் அங்க. கையோட வர்ற நாத்தமடிச்ச குருத்து பாக்டீரியா அழுகல்தான். சாதாரண பூஞ்சாணக்கொல்லிக்கு அது அடங்காது. அதைவிட மோசம், ஒரே தண்ணி சுத்துறதால ஒரு செடியில இருக்கிறது எல்லாச் செடிக்கும் போகுது. அழுகினதை எடுத்து வீட்டுக்கு வெளியே போடுங்க. கத்திரியை ஒவ்வொரு செடிக்கும் நடுவுல தீயில காட்டுங்க. வாளித் தண்ணியையும் கொட்டிடுங்க.

இன்னொண்ணு, பையில நிமிர்ந்து உக்காந்த ஃபெலனாப்சிஸ் குருத்துல தண்ணி தேங்கும். மரத்துல அது பக்கவாட்டுல சாஞ்சு, இலைநுனி கீழே தொங்கத்தான் இருக்கும். அப்படிக் கட்டினா தண்ணி வழிஞ்சு ஓடிடும்.

பதில் (திருத்துறைப்பூண்டி)

சகோ, மேல் வரிசைக்கு நான் சொல்றேன். அது உப்பு. எங்க பக்கம் கடலோரத் தண்ணியில இந்தக் கஷ்டம் தினசரிப் பாடு. வாளியில இருக்கிற தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நீங்க ஊத்த ஊத்த உப்பு ஏறிக்கிட்டேதான் போகும். மேல்துணி சீக்கிரம் காயறதால அங்க வெள்ளையா பூக்குது. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் வாங்கி வாளியிலயும் போர்லயும் தனித்தனியா பாருங்க. ஆர்கிட்டுக்கு 200க்குக் கீழே இருந்தா நிம்மதி.

கேட்டவர்

பார்த்துட்டேன். போர்ல 620, வாளியில 1,140. போன்ல வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் ஆப் வச்சுப் பார்த்தா மத்தியானத்துல சுவர்கிட்ட 3,000 லக்ஸ் சுமார். ஃபெல்ட்டை எடுத்துட்டு என்ன வைக்கலாம்? பட்டுக்கோட்டையிலேருந்து தேங்காய் மட்டை சுலபமா வரும்.

பதில் (மயிலாடுதுறை)

மட்டை நல்லது. ஆனா அதுலயும் உப்பு இருக்கும். பெரிய துண்டா வெட்டி, தண்ணி மாத்தி மாத்தி ஊறப்போட்டு, ஊறின தண்ணியில டிடிஎஸ் இறங்குற வரைக்கும் அலசுங்க. பிவிசி ஷீட் இருக்கட்டும். அதுக்கு முன்னால பிளாஸ்டிக் வலை அடிச்சு, மட்டைத் துண்டுல செடியை நைலான் நரம்பால கட்டித் தொங்கவிடுங்க. செம்புக் கம்பி வேண்டாம், வேருக்கு விஷம்.

பதில் (தஞ்சாவூர்)

மயிலாடுதுறை அக்கா சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு உடன்பாடு இல்லை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில மட்டை காயவே காயாது, நம்ம ஊர்க் காத்து அப்போ அவ்வளவு ஈரம். கீழ் வரிசைக்கு உடைஞ்ச நாட்டு ஓடும் அடுப்புக்கரியும் போட்ட வலைத்தொட்டி வைங்க. மட்டை மேல் வரிசைக்கு மட்டும். அக்னி நட்சத்திரத்துல ஓடு மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும், அப்போ காலை மாலை ரெண்டு வேளை தெளிக்கணும். அந்த வேலை எனக்குப் பெருசா தெரியலை, அழுகல் வந்தா செடியே போயிடுதே.

வெளிச்சம் பத்தாது தம்பி. ஃபெலனாப்சிஸுக்கே 10,000 லக்ஸ் வேணும், டென்ட்ரோபியத்துக்கு அதுபோல ரெண்டு மடங்குக்கு மேல. வெள்ளை எல்இடி பேட்டன் வரிசையா போட்டு, இலைகிட்ட ஆப்பை வச்சுப் பார்த்து எண்ணிக்கையைக் கூட்டுங்க. டைமர் வச்சு 12 மணி நேரம். தண்ணியும் கரண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அந்த லைனுக்குக் கரண்ட் கசிஞ்சா தானா துண்டிக்கிற ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். ராத்திரியில சின்ன ஃபேன் ஒண்ணு மெதுவா ஓடட்டும்.

செடியையும் யோசிங்க. ஃபெலனாப்சிஸ் பூத்தண்டு விட சில வாரமாவது 25 டிகிரியை ஒட்டின குளிர்ச்சி வேணும். நமக்கு அது மார்கழி, தையில்தான். டென்ட்ரோபியம் கலப்பினமும் வாண்டாங்கிற ஆர்கிட் வகையும் நம்ம வெக்கையை விரும்பும். வாண்டா டெஸ்ஸெல்லேட்டா தமிழ்நாட்டுச் சமவெளி மரத்துலயே தானா வளர்ற செடி. நர்சரியில வாங்குங்க, மரத்துலேருந்து பிடுங்கிக்கிட்டு வராதீங்க. ஏற்காட்டு ஆர்கிட் தோட்டத்தைப் பார்த்துட்டு அதே செடி வேணும்னு தேடுறவங்க உண்டு. அது மலை, அங்க வர்ற எல்லாம் இங்க வராது.

பதில் (திருத்துறைப்பூண்டி)

தண்ணிக்கு வழி உங்க கூரையிலயே இருக்கே. வடகிழக்குப் பருவமழையில முற்றத்துல கொட்டுறதைப் பெரிய டிரம்ல பிடிங்க. முதல் மழை ஓட்டுத் தூசியை அடிச்சுக்கிட்டுப் போகட்டும், அடுத்ததைப் பிடிங்க. வாயில கொசுவலை கட்டி மூடி போடணும், இல்லாட்டி டெங்குக் கொசு வளரும். கோடையில தீர்ந்தா ஆர்ஓ தண்ணி. ஆர்ஓ மெஷின் கழிச்சுத் தள்ளுற தண்ணியை ஊத்திடாதீங்க, உப்பு முழுக்க அதுலதான் இருக்கும். வடியுற தண்ணியை இனிமே வாழைக்கு விடுங்க, சுத்தவிட வேண்டாம்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. மோட்டாரை நிறுத்தி, ஃபெல்ட்டைக் கழட்டியாச்சு. கடைசியா ஒண்ணு: ஒரு ஃபெலனாப்சிஸ்ல குருத்து போயிடுச்சு, ஆனா அடித்தண்டும் வேரும் கெட்டியா இருக்கு. வச்சிருக்கலாமா?

பதில் (மயிலாடுதுறை)

வச்சிருங்க தம்பி, ஆனா சுவர்ல வேண்டாம், தனியா. ஃபெலனாப்சிஸ் ஒரே குருத்துல வளர்ற செடி, அது போனா மேலே வளராது. அடித்தண்டுலேருந்து சில சமயம் பக்கக்கன்று விடும். அழுகினதை நல்ல பாகம் தெரியுற வரைக்கும் வெட்டி, வெட்டின வாயில மட்டும் சமையலுக்குப் போடுற இலவங்கப்பட்டைத்தூள் தடவுங்க. வேர்ல படக்கூடாது, காய வச்சிடும். சுவருக்கு முதல்ல டென்ட்ரோபியத்தை மட்டும் ஏத்துங்க. அதுல புது வேர் பச்சை நுனியோட ஓட ஆரம்பிச்ச பிறகு மிச்ச இடத்தை நிரப்பலாம்.